அவுஸ்திரேலியா இரும்புத்தாது மைன் வேலைக்குப் போக விரும்புற பெடியள் இப்ப என்ன பழகவேணும்

ஹெவி லைசன்ஸ் இருக்கு, டிப்பர் ஓடின அனுபவமும் இருக்கு, அவுஸ்திரேலியாவில இரும்புத்தாது மைன்ல றைவர் வேலை எடுக்கலாமோ எண்டு யாழ்ப்பாணத்தில கனபேர் கேக்கினம். அதைச் சொல்லியே காசு கேக்கிற ஆக்களும் இருக்கினம். காணியை ஈடு வைக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

பெரிய மைன்கள் இருக்கிறது மேற்கு அவுஸ்திரேலியாவில, பில்பரா பக்கம். ரியோ டின்டோ எண்ட பெரிய மைன் கொம்பனி 2008லயே அங்க ஆளில்லாத ட்ரக்கை ஓடவிட்டுப் பாக்கத் தொடங்கிட்டுது, பிறகு கிட்டத்தட்ட 1500 கிலோமீற்றர் தள்ளி பேர்த்தில இருந்தே மைன்களைப் பாக்கிறதுக்கு ஒரு கொன்ட்ரோல் சென்டரும் திறந்தது. 2018 ஜூலையில 28,000 தொன் தாதோட ஒரு ரெயின் 280 கிலோமீற்றர் தூரம் றைவர் இல்லாமலே துறைமுகத்துக்குப் போய்ச் சேந்தது. ஆளில்லாத ட்ரக் விஷயத்தில பிஎச்பி, ஃபோர்டெஸ்க்யூ எண்ட மற்ற மைன் கொம்பனியளும் இதே வழிதான். எல்லா மைனும் இப்பிடி மாறேல்ல, ஆனா ஸ்டியரிங்கை மட்டும் நம்பிப் போறது இனிச் சரிவராது.

அப்ப ஆருக்கு வேலை? ட்ரக் நிண்டால் போய்ப் பாக்கிறவனுக்கு. 200 தொன்னுக்கு மேல ஏத்தின ட்ரக் ஒண்டு பாதி வழியில தானா நிக்குது எண்டு வையுங்கோ. லேசர் சென்சர்ல தூசி படிஞ்சிருக்கலாம், வயர் ஹார்னஸ்ல, அதாவது வயர்க் கட்டில, ஒரு பின் கழண்டிருக்கலாம், ஜிபிஎஸ் சிக்னல் விட்டிருக்கலாம். டெக்னீசியன் முதல்ல றேடியோவில, ட்ரக்குகளைக் கண்காணிக்கிற கொன்ட்ரோலரிட்ட அனுமதி எடுக்கோணும், பிறகு ஐசோலேட் பண்ணி, அதாவது ட்ரக் இயங்கேலாதபடி பவரைத் துண்டிச்சு, தன்ர சொந்தப் பூட்டைப் போடோணும், அதுக்குப் பிறகுதான் கை வைக்கலாம். அந்தப் பூட்டை வேற ஆரும் கழட்டேலாது. இந்தப் பழக்கம் இங்க கராஜில வேலை செய்யேக்கயே வரவேணும், பற்றறி வயரைக் கழட்டாமல் உள்ளுக்க கை விடுற ஆளை அங்க ஒருநாளும் வைச்சிருக்கமாட்டினம்.

ஆனபடியா மல்டிமீட்டர்ல தொடங்குங்கோ. வோல்ற்றேஜ் ட்ரொப் (வயர் வழிய எவ்வளவு வோல்ற் குறையுது எண்டு) பாக்க, வயரிங் டயகிராம் வாசிக்கத் தெரியவேணும். இப்ப வாற டிப்பர், ஜேசிபியிலயும் ஈசியூ எண்ட கொன்ட்ரோல் கொம்பியூட்டர், சென்சர் எல்லாம் இருக்கு, அதில வாற பிழைக் கோட்டை வாசிக்கிற ஸ்கானர் வைச்சிருக்கிற கராஜ் ஒண்டைப் பிடிச்சு சம்பளம் குறைவெண்டாலும் நில்லுங்கோ. கோட் வந்தவுடன பார்ட்ஸை மாத்தாமல், அந்த கோட் ஏன் வந்தது எண்டு தேடிப் பிடிக்கிறதுதான் அங்க விலைபோற தொழில்.

சேர்ட்டிபிக்கேற்றும் வேணும். கிளிநொச்சி அறிவியல்நகர் ஜேர்மன் டெக், யாழ்ப்பாணம் டெக்னிக்கல் கொலிஜ் மாதிரி இடங்களில என்விகியூ (தேசிய தொழில் தகைமை) கோர்ஸ் விசாரியுங்கோ, ஓட்டோமோட்டிவ் அல்லது எலக்ட்ரிக்கல் நல்லம். வேலை செய்த இடத்தில கடிதம், சம்பளச் சிட்டை எல்லாம் திகதியோட சேர்த்து வையுங்கோ, விசாவுக்காக தொழில் திறமையைச் சரிபாக்கிற ஸ்கில் அசெஸ்மென்ற்றுக்கு அதைத்தான் கேப்பினம். இங்கிலிஷ்ல ஐஈஎல்டிஎஸ் ஸ்கோர் மட்டும் காணாது, றேடியோவில இரைச்சலுக்க அவங்கள் வேகமா கதைக்கிறது விளங்கவேணும், அதால ஒவ்வொருநாளும் காதுக்கும் பயிற்சி குடுங்கோ.

காசு விஷயத்தில கவனம். வேலை குடுக்கிற கொம்பனி விசாவுக்குப் பொறுப்பு நிக்கிற ஸ்பொன்சர்ஷிப்புக்கு காசு வாங்கிறதும் குடுக்கிறதும் அவுஸ்திரேலியாவில 2015 டிசம்பர்ல இருந்து சட்டவிரோதம். ஆரும் ஸ்பொன்சருக்கு இவ்வளவு லட்சம் எண்டு கேட்டால் எழும்பி வாங்கோ. ஏஜென்சி எண்டால் லைசன்ஸ் நம்பரைக் கேட்டு, ஒரு சதம் குடுக்க முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்தில செக் பண்ணுங்கோ.