சிறு நகர டைனோசர் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது எப்படி?

சிறு நகர அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகள் சிலவே இருக்கும். முதன்முறையாகச் செல்பவருக்கு அதுவே நல்வாய்ப்பு என்பேன். நெரிசல் இல்லாததால் ஒரே எலும்பின் முன் வேண்டிய நேரம் நிற்கலாம். புறப்படுமுன், திறந்திருக்கும் நேரத்தையும் ஒளிப்படம் எடுக்க அனுமதி உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சென்றதும் முதலில் டைனோசர்கள் வாழ்ந்த மூன்று காலங்களின் வரிசையை மனத்தில் இருத்துங்கள். டிரையாசிக் காலம் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், ஜுராசிக் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கிரெட்டேசியஸ் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் தொடங்கின. கடைசிக் காலம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது.

அடுத்து, தகவல் பலகையில் அது அசல் புதைபடிவமா, வார்ப்பா என்று பாருங்கள். வார்ப்பு என்றதும் ஏமாற்றமடைய வேண்டாம். அசல் எலும்புகள் கல்லாகி, கனத்து, எளிதில் நொறுங்கக்கூடியவை என்பதால், அவற்றின் அச்சிலிருந்து எடுத்த வார்ப்புகளையே பெரும்பாலும் நிறுத்தி வைக்கிறார்கள். அசலின் மேடுபள்ளங்கள் அவற்றிலும் இருக்கும்.

இனி, எல்லோரும் தலையைப் பார்க்கும்போது நீங்கள் இடுப்பைப் பாருங்கள். தொடையெலும்பு பொருந்தும் குழி, மூடிய கிண்ணமாக இல்லாமல் மறுபுறம் திறந்த துளையாக இருக்கும். தொடையெலும்பின் தலை உட்புறமாகத் திரும்பி அத்துளையில் பொருந்துவதால், பல்லியைப்போலக் கால்கள் பக்கவாட்டில் விரியாமல் உடலுக்கு நேர்கீழே நின்றன. இடுப்பின் முன்கீழ் எலும்பு முன்னோக்கி இருக்கிறதா, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். 1887இல் ஹாரி சீலி என்ற பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளர் டைனோசர்களைப் பல்லியிடுப்பின, பறவையிடுப்பின என இரண்டாகப் பிரித்தது இதைக்கொண்டுதான். ஆயினும் பறவைகள் தோன்றியது பல்லியிடுப்புப் பிரிவிலிருந்தே என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பறக்கும் டெரோசர்களும் கடல்வாழ் பிளீசியோசர்களும் அதே கூடத்தில் இருந்தாலும் அவை டைனோசர்கள் அல்ல.

பிறகு பற்களுக்கு வாருங்கள்: ஓரத்தில் ரம்பம்போன்ற வெட்டுகள் கொண்ட கத்திப் பல் பெரும்பாலும் ஊனுண்ணிக்கு உரியது. வாலையும் பாருங்கள். அது தரையில் இழுபட்டால் எலும்புக்கூட்டை நிறுத்திய முறை பழையது; காலடித் தடங்களோடு வால் இழுபட்ட கோடு அரிதாகவே கிடைப்பதால், இப்போது வாலை உயர்த்தியே நிறுத்துகிறார்கள்.

காலடித் தடங்கள் பதிந்த பாறை இருந்தால், பாதத்தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்குங்கள். அவ்விலங்கின் இடுப்பு உயரம் தோராயமாகக் கிடைக்கும். இறுதியாக, எலும்பிலிருந்து பாறையை நீக்கும் பணி அங்கேயே நடக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள். நடந்தால், மீதமுள்ள நேரம் முழுவதையும் அங்கேயே செலவிடுங்கள்.