எந்தத் தைராய்டு என்று கேட்டுவிட்டு டப்பாவைத் திறங்கள்

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அன்றுதான் உடம்பில் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது. இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன், அன்று விரல் நிற்காமல் நடுங்கியது. நான்கு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியிருந்தேன். துணி கொடுக்க வந்தவர்கள் "என்ன டயட் அக்கா?" என்று ஆசையாக விசாரித்தார்கள். ரத்தப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கச் சொல்லும் டி.எஸ்.ஹெச். 0.01-க்கும் கீழே, தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் எகிறியிருந்தன. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்றார் டாக்டர். சுரப்பைக் குறைக்கக் கார்பிமசோல் மாத்திரையும், படபடப்புக்கு ப்ராப்ரனோலாலும் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் ஆரம்பித்தது யோசனை மழை. நம் ஊரில் "தைராய்டு" என்றாலே உடம்பு பெருக்கும் வகைதான், அதாவது சுரப்பு குறைவது. எனக்கு அதற்கு நேர் எதிர். "தைராய்டுக்கு நல்லது" என்று வீட்டுக்கு வந்த பாதிப் பொருள்கள் எனக்கு ஆகாதவை.

அதனால் முதல் வேலையாக, வீட்டில் நீங்கள் விழுங்கும் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். சத்து மாத்திரை, சூரணம், புரோட்டீன் மாவு, எடை குறைக்கும் பொடி, ஒன்றையும் விடாதீர்கள். டப்பாவின் பின்பக்கத்தில் நான்கு பெயர்களைத் தேடுங்கள்: அயோடின், கெல்ப், அஸ்வகந்தா, பயோட்டின்.

அயோடின்தான் தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருள். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கெல்ப் என்பது கடற்பாசி. அந்த மாத்திரைகள் சிலவற்றில் இந்த அளவைப் போல் பல மடங்கு இருக்கும். எரிகிற அடுப்பில் விறகைத் திணிக்கிற கதைதான். ஆனால் சமையல் உப்பைப் பார்த்துப் பதறாதீர்கள். என் மாமியார் வீட்டு உப்பையே அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாற்றினார், நான் திரும்ப மாற்றினேன். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அயோடின் வேண்டும். சுரப்பியை அடக்கத் தரும் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் ஓரிரு வாரம் அயோடினைக் குறைக்கச் சொல்வார்கள், அதை டாக்டர் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அஸ்வகந்தா வேறு ஒன்றுமில்லை, நம் அமுக்கராதான். தூக்கம் வரவில்லை என்றதும் பக்கத்துக் கடை அக்கா அன்போடு அமுக்கரா சூரணம் கொடுத்தார். அது தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடக்கூடியது. அதைச் சாப்பிட்டு ஹார்மோன் கூடிப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நாட்டு மருந்து மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த நோய்க்கு இது வேண்டாம், அவ்வளவுதான்.

பயோட்டின் என்பது முடிக்கென்று விற்கும் ஒரு பி வைட்டமின். அந்த விஷயத்தில் நானே மாட்டினேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதைப் பார்த்த என் நாத்தனார், "அண்ணி, இதைச் சாப்பிடுங்க" என்று 10 மில்லிகிராம் மாத்திரை வாங்கி வந்தாள். உடம்புக்கு நாளுக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். மூன்றாம் மாதம் நடுக்கம் நின்று, எடை ஏறி, நன்றாக இருந்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் டி4 மறுபடி உச்சத்தில். டாக்டர் மாத்திரையைக் கூட்டப் பேனாவை எடுத்துவிட்டு, "புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். நல்லவேளை. பயோட்டின் நோயைக் கூட்டவில்லை, பரிசோதனையைத்தான் ஏமாற்றியது. பல ஆய்வகக் கருவிகளில் அது டி3, டி4-ஐக் கூட்டியும் டி.எஸ்.ஹெச்.-ஐக் குறைத்தும் காட்டிவிடும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன், சரியாக இருந்தது. குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். அளவு பெரிதாக இருந்தால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, சேர்த்துக்கொள்ள எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பட்டியல் சின்னது.

என் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தது. அதற்கு செலினியம் 100 மைக்ரோகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஆறு மாதம் கொடுத்தார்கள். லேசான கிரேவ்ஸ் கண் பாதிப்புக்கு இதே அளவைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2011-இல் வந்தது. அதில் பலன் தெரிந்தது. கண்ணுக்குத்தான் அது, கார்பிமசோலுக்கு மாற்று இல்லை. அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். சத்து மாத்திரையிலும் செலினியம் இருக்கும் என்பதால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் மேல் வரம்பு 400 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 255.

அடுத்தது எலும்பு. ஹார்மோன் கூடினால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து ரத்தத்துக்கு வரும். அதனால் கால்சியம் மாத்திரையைத் தொடுவதற்கு முன் ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் எவ்வளவு என்று பாருங்கள். சிலருக்கு ரத்தக் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். எனக்கு டி குறைவு. வாரம் ஒன்றாக 60,000 யூனிட் சாஷே எட்டு வாரம் கொடுத்தார்கள். முடிந்ததும் நிறுத்திவிட்டேன், தானாக மறுபடி வாங்கவில்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழும் தயிரும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

பின்னாளில் சுரப்பு குறைந்து, அதை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரை எழுதினார்கள் என்றால், கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, சத்து மாத்திரைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போய் வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். அபூர்வமாக அது அடியோடு விழுந்துவிடும்.

இப்போது என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், மார்பளவு இடுப்பளவுகளுக்குப் பின்னால், எந்தத் தேதியில் எதைத் தொடங்கினேன், எதை நிறுத்தினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறார்.