அன்இன்ஸ்டாலர் கைவிட்டால் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஐப்பசி மழையில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல், டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0-வை நீக்கிக்கொண்டிருந்த அன்இன்ஸ்டாலர் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால் பிழைச் செய்திதான் வந்தது. கணக்கு பார்ப்பவர் பொறுமையிழந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) பட்டியலில் அதன் பெயர் மட்டும் மிச்சமிருந்தது.

ஃபோல்டர்தான் மென்பொருள் என்று நினைப்பதே முதல் தவறு. சர்வீஸின் பதிவு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ஃபயர்வால் விதி வேறோர் இடத்தில். அதனால் ஃபோல்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதே பதிப்பின் செட்அப் கையில் இருந்தால் முதலில் அதை ஓட்டி ரிப்பேர் செய்து பாருங்கள். பல நேரம் அன்இன்ஸ்டாலர் உயிர் பெற்றுவிடும். மழை நாளில் மலையில் இன்டர்நெட்டை நம்ப முடியாது, செட்அப்பை முன்கூட்டியே பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, டேட்டாவை மறப்பது. இதுதான் என்னைப் பதற வைக்கும். சிறு விவசாயிகள் ஒரு மாதம் போட்ட பச்சை இலையின் எடையெல்லாம் அதில்தான் இருக்கிறது. விண்டோஸில் அது வழக்கமாக சி டிரைவின் புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும். அந்த ஃபோல்டர் மறைந்திருப்பதால் பலருக்குக் கண்ணில் படாது. சர்வர் ஓடினால் டம்ப், அதாவது டேட்டாவை ஃபைலாக எழுதிய நகல், எடுங்கள். ஓடவில்லை என்றால் சர்வீஸ் நின்றிருப்பதை உறுதி செய்துவிட்டு டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். டேபிள் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாது, மைஎஸ்க்யூஎல்லின் பொது ஃபைலான ஐபிடேட்டா1 உட்பட எல்லாம் சேர்ந்தால்தான் திறக்கும். அதுவும் அதே பதிப்பில்.

அப்புறம் சர்வீஸை நீக்குவது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸோடு வரும், கட்டளை அடிக்கும் ஜன்னலான பவர்ஷெல் 5.1-ல் ‘எஸ்சி டெலிட்’ என்று அடித்து சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் சர்வீஸ் போகாது. அங்கே எஸ்சி என்பது ஃபைலில் எழுதும் கட்டளை. ‘டெலிட்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் உருவாகி, அதற்குள் சர்வீஸ் பெயர் எழுதப்பட்டிருக்கும். பிழை எதுவும் காட்டாது, வேலை முடிந்தது என்றே தோன்றும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் அடியுங்கள். 1072 என்ற பிழை, அதாவது ‘சர்வீஸ் நீக்கக் குறிக்கப்பட்டுவிட்டது’ என்பது, வந்தால் பயப்பட வேண்டாம். சர்வீசஸ் ஜன்னல் திறந்திருக்கும், மூடுங்கள். சரியாகாவிட்டால் ரீஸ்டார்ட் போதும்.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன், மாற்றப்போகும் கீயை (பதிவை) எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்துக் காலி செய்தால், மற்ற மென்பொருள்களையும் நாளை நீக்க முடியாது.

புதிதாக ஏற்றும் முன் நெட்ஸ்டாட் கட்டளையில், மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 போர்ட் காலியா என்று பாருங்கள்.

அந்தத் தொழிற்சாலையில் புரோகிராம்டேட்டாவுக்குள் யாரும் போகவில்லை. நகலெடுத்து, அதே பதிப்பை ஏற்றி, டேட்டாவைத் திரும்ப வைத்தோம். மறுநாள் இலை வண்டி வருவதற்குள் கணக்கு திறந்துவிட்டது.