பாக்டீரியாவை வாளியிலேயே கொன்றுவிடாதீர்கள்

"அசோஸ்பைரில்லம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் தெரியலை" என்று இந்தப் பாக்டீரியா உரத்தைக் குறை சொல்பவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள், பாதிப் பேரின் பதிலிலேயே காரணம் வந்துவிடும். கடை வாசலில் வெயில் காய்ந்த பாக்கெட், ஆறாத கஞ்சி, அதே வாளியில் பூஞ்சாணக்கொல்லி. வயலுக்குப் போவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது.

பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. அது வேரைச் சுற்றி வாழும், பக்க வேர் முளைக்கும்போது உண்டாகும் சின்ன வெடிப்பு வழியாக உள்ளேயும் குடியேறும். உள்ளே போனவை காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துத் தரும், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கும். வறட்சியில் பயிர் எத்திலீன் வாயுவை அதிகம் உண்டாக்கித் தன் வேர் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும் அல்லவா, அந்த எத்திலீனுக்கான மூலப்பொருளையே தின்றுவிடும் பாக்டீரியாக்களும் உண்டு. இத்தனையும் நடக்க அது வேர் வரை உயிரோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வகையில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்களாவது இருக்க வேண்டும். தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் அந்த எண்ணிக்கை இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வராது. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பூச்சிமருந்து, யூரியா மூட்டை பக்கத்தில் வைக்காமல் நிழலான இடத்தில் வையுங்கள்.

அடுத்தது விதை நேர்த்தி, அதிகம் சொதப்புவது இங்கேதான். ஒரு ஹெக்டேர் விதைக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட் மூன்று. தூளை விதையில் ஒட்டவைக்கும் அரிசிக் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும், விரலை விட்டால் சூடே தெரியக்கூடாது. விதையில் கறுப்புத் தூள் ஒட்டியதும் கோணிச் சாக்கில் பரப்பி நிழலில் அரை மணி நேரம். சீக்கிரம் காயட்டும் என்று களத்து வெயிலில் போட்டால் சூடும் புற ஊதாக்கதிரும் சேர்ந்து வேலையைக் கெடுத்துவிடும். பூஞ்சாணக்கொல்லி, பூச்சிக்கொல்லி நேர்த்தியும் செய்யப்போகிறீர்களா? முதலில் பூஞ்சாணக்கொல்லி, அப்புறம் பூச்சிக்கொல்லி, பாக்டீரியா கடைசி. இடையில் ஒரு நாளாவது விடுங்கள். கடையில் வாங்கிய விதை ஏற்கெனவே மருந்துச் சாயம் பூசி வந்திருந்தால் விதையை விட்டுவிட்டு, ஹெக்டேருக்கு 2 கிலோ தூளை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து ஈரமான வயலில் தூவுவதே மேல். நடவு நெல் என்றால் 40 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கரைத்து நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடலாம்.

தெளிப்பான் டேங்கில் மருந்துகளைக் கலப்பதிலும் இதே கதைதான். ஆள்கூலி மிச்சம் என்று பயிர் நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவோடு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியைச் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாக்டீரியாவையும் கொல்லும் மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது.

எந்தப் பயிருக்கு எது என்பதிலும் குழப்பம். வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா பயறு வகைகளுக்கும் நிலக்கடலைக்கும். அதிலும் பயிருக்குப் பயிர் இனம் மாறும், சோயாவுக்கு உரியதை நிலக்கடலையில் போட்டுப் பயனில்லை. நெல்லுக்கு அசோஸ்பைரில்லம். கரும்புக்கு குளுக்கோனசிட்டோபேக்டர் இருக்கிறது, 1988-இல் பிரேசிலில் ஜொஹன்னா டோபராய்னர் குழுவினர் கரும்புக்குள்ளிருந்தே கண்டெடுத்து அறிவித்தது.

யூரியா விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். முழு அளவு யூரியாவைக் கொட்டினால், தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கிற இடத்தில் பாக்டீரியா அதைப் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். பாக்கெட் போட்டாச்சே என்று யூரியாவை அடியோடு நிறுத்தினால் நெல் மஞ்சளாகி நிற்கும். கால் பங்கு வரை குறைக்கலாம் என்பதுதான் பொதுவான பரிந்துரை, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

வறட்சிக்கு இலைவழி அடிக்கும் மெத்தைலோபாக்டீரியத்தை, கடைக்காரர்கள் பிபிஎஃப்எம் என்பார்கள், பயிர் சுருண்டு கருகியபின் வாங்க ஓடுவதில் அர்த்தமில்லை. இலை வெளிவிடும் மெத்தனாலைத் தின்று வாழும் இளஞ்சிவப்புப் பாக்டீரியா இது. இலையில் பரவி நிலைக்க அதற்கு அவகாசம் வேண்டும். மழை தள்ளிப்போகிறது என்று தெரிந்தவுடன் லிட்டருக்கு 10 மில்லி கலந்து காலையிலோ மாலையிலோ அடியுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

ஒரு பாக்கெட்டை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து டிரம் நிறையப் பெருக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. சுத்தமில்லாத டிரம்மில் முந்திக்கொண்டு பெருகுவது எந்தக் கிருமியோ அதுதான். நிலக்கடலை ரைசோபியம் மெதுவாக வளரும் இனம், அந்தப் போட்டியில் அது ஜெயிக்காது.

வேலை செய்கிறதா என்று பார்க்க நிலக்கடலையில் எளிய வழி உண்டு. விதைத்து ஒரு மாதம் கழித்து நாலைந்து செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும், பிறகு ஒன்றுமே இல்லை என்று பாக்கெட்டைத் திட்டுவீர்கள். வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால் பக்க வேர் கிளைக்கும் இடங்களில் கடுகு போல முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்போ இளஞ்சிவப்போ இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. பச்சையாக இருந்தால் அந்த முடிச்சின் காலம் முடிந்தது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிராததாக இருக்கலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் வெள்ளைதான் என்றால் அந்தப் பருவத்துக்கு அந்த முடிச்சுகளை நம்பி உரத்தைக் குறைக்காதீர்கள்.