ஆட்கடத்தல் கோப்பு கைக்கு வந்தால்: அரச சட்டவாதிகள் சறுக்கும் இடங்கள்

கோப்பின் மேலட்டையில் ‘வெளிநாட்டு வேலைவாய்ப்பு மோசடி’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு பெண்ணின் ஒன்றரைப் பக்க வாக்குமூலம், கடவுச்சீட்டின் முதற்பக்கப் பிரதி, மங்கிப்போன வங்கிப் பற்றுச்சீட்டு ஒன்று, ‘காசைத் திருப்பித் தருவதாகச் சந்தேகநபர் ஒப்புக்கொண்டார்’ என்று பொலிஸார் எழுதிய ஒரு குறிப்பு. இவ்வளவுதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் கோப்புகளைப் பார்த்த எந்த அரச சட்டவாதிக்கும் இது பழக்கமான காட்சி. பத்து நிமிடத்தில் வாசித்து மூடிவிடலாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் மூடினேன், மோசடி என்று மேலே எழுதியிருந்தது, உள்ளேயும் மோசடிதான் தெரிந்தது.

அந்த ஒன்றரைப் பக்கம் அவளுடைய கதை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. பொலிஸ் உத்தியோகத்தர் கேட்ட கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்கள் அவை. ‘எவ்வளவு காசு கொடுத்தாய், யாரிடம் கொடுத்தாய்’ என்று கேட்டால் பதிலும் காசைப் பற்றித்தான் இருக்கும். ‘அங்கே போனபின் கடவுச்சீட்டை யார் வைத்திருந்தார், வெளியே போக விட்டார்களா, சம்பளம் கிடைத்ததா, சொன்ன வேலையும் செய்த வேலையும் ஒன்றா’ என்று ஒருவரும் கேட்கவில்லை என்றால் கோப்பில் அது இருக்காது. இல்லாததை நடக்காதது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் இதன் பிள்ளைகள்.

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தோடு ஆட்கடத்தலைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஒருவரைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, ஒளித்து வைத்திருப்பது, பொறுப்பேற்பது என்பது செயல். மிரட்டல், பலாத்காரம், ஏமாற்று, ஆசைகாட்டல், ஒருவரின் இயலாநிலையைப் பயன்படுத்தல் என்பது வழி. கட்டாய வேலை, அடிமைத்தனம், பாலியல் சுரண்டல், உறுப்பு அகற்றல் போன்றவை நோக்கம். இந்த மூன்று காலும் இருந்தால் தண்டனை 2 வருடத்திலிருந்து 20 வருடம் வரை. சிறுவர் என்றால் ஆரம்பமே 3 வருடம், அதோடு ‘வழி’ என்ற கால் தேவையே இல்லை, பிள்ளை சம்மதித்ததா என்ற கேள்விக்கும் இடமில்லை. இதை மறந்து பதினாறு வயதுப் பிள்ளையின் வழக்கில் ஏமாற்றை நிரூபிக்க ஓடித்திரிந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் அனுப்பினார் என்று போடுவது இலகு, அனுமதிப்பத்திரம் இல்லை என்று காட்டினால் முக்கால்வாசி முடிந்தது. வேண்டுமானால் அதையும் போடுங்கள், ஆனால் இலகு என்பதற்காக அதை மட்டும் போட்டுவிட்டு 360சியை விடாதீர்கள். முகவர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விசயம் தீர்ந்தது என்று ஊரில் நினைப்பார்கள், சில பொலிஸ் நிலையங்களிலும் அப்படித்தான். வாங்கிய காசு திரும்பி வந்தால் மோசடியின் சூடு தணியலாம், ஆளை விற்றது இல்லாமல் போகாது.

‘இயலாநிலை’ என்பதை ஏதோ மருத்துவச் சொல் போலப் பார்க்கவும் வேண்டாம். வாகரையிலோ கிரானிலோ படுவான்கரைக் கிராமம் ஒன்றிலோ நுண்கடன் எடுத்த பெண்ணின் வீட்டு வாசலில் கிழமைக்கிழமை வந்து நிற்கும் கடன் வசூலிப்பவரை நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் பார்த்து உப முகவர் வருவார், அநேகமாகத் தெரிந்த ஆள், சிலவேளை சொந்தக்காரி. இவளிடம் காசு கேட்காமல் இவளுக்கே முற்பணம் கொடுப்பார். அதைப் பார்த்து ‘காசு வாங்கினவள் எப்படிப் பாதிக்கப்பட்டவள்’ என்று நினைத்தால் வழக்கைத் தலைகீழாக வாசித்தீர்கள். போன வீட்டில் தாங்க முடியாமல் திரும்பி வரக் கேட்கும்போது ‘முற்பணத்தைக் கட்டிவிட்டு வா’ என்று சொல்லத்தான் அந்தக் காசு. யார் கொடுத்தது, எப்போது, எந்தக் கடனை அடைக்க, கையெழுத்து வாங்கினார்களா, திருப்பிக் கேட்டார்களா என்பதெல்லாம் சாட்சியம். கடன் பிணைப்பும் கட்டாய வேலையும் 358ஏ பிரிவில் தனிக் குற்றமாகவே இருக்கின்றன, அதையும் சேர்த்துப் பாருங்கள். அதே பிரிவில்தான் ஆயுத மோதலுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் வருகிறது. அது ஏன் சட்டத்தில் வந்தது என்று எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

‘அவளே விரும்பித்தானே போனாள்’ என்பது எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும் வசனம். போக விரும்பினாள், உண்மைதான். பணிப்பெண்ணாகப் போக விரும்பினாள், பதினெட்டு மணிநேரம் மூன்று வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்ய விரும்பவில்லை. சம்மதம் எதற்குக் கொடுக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டுவது உங்கள் வேலை, அதை நீதிபதி தானாகச் செய்வார் என்று விட்டுவிடக் கூடாது. வயது விசயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூதூர் ரிசானா நபீக்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். 1988இல் பிறந்த பிள்ளை, கடவுச்சீட்டில் 1982. 2005இல் பதினேழு வயதில் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போனாள், பராமரித்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9 அன்று அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆகவே கடவுச்சீட்டில் இருக்கும் திகதியை அப்படியே நம்பாமல் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட இடாப்பு, கிராம சேவகர் பதிவு மூன்றையும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

படகில் போனவர்களின் வழக்கு வந்தால் இன்னொரு குழப்பம். 2012இல் கிழக்குக் கரையிலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறினார்கள், 2022 நவம்பரில் 303 இலங்கையரோடு ஒரு கப்பல் தத்தளித்து அவர்கள் வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். இவை பொதுவாக ஆட்களைக் களவாக எல்லை தாண்டுவிக்கும் வழக்குகள், குடிவரவு குடியகல்வுச் சட்டத்துக்குள் வருபவை. காசு கொடுத்து எல்லை கடந்ததும் கொடுக்கல் வாங்கல் முடிந்தால் அது அதுதான். எல்லை கடந்த பிறகு ஆளையே பிடித்து வைத்து உழைப்பைக் கறந்தால் அது ஆட்கடத்தல். ஒன்றாக ஆரம்பித்தது மற்றதாக முடியலாம். மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களுக்குப் போன எங்கள் நாட்டுப் பெடியள் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி விமானத்தில் வசதியாகத்தான் போனார்கள். எந்த வாகனத்தில் போனார்கள் என்பதை வைத்துக் குற்றத்தை முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது மொழி. எனக்கு அதிகம் எரிச்சல் தந்த விசயம் இதுதான், எத்தனை நீளமாக எழுதினாலும் போதாது. வாக்குமூலம் பல இடங்களில் சிங்களத்தில் பதிவாகும், சொன்னவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், ‘வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்’ என்று கீழே ஒரு வரி, அதன்கீழ் அவளுடைய கையெழுத்து. ஒருமுறை சாட்சி ‘மறுகா என்னைக் கூட்டிட்டுப் போனான்’ என்று சொல்லியிருக்கிறாள். மட்டக்களப்பில் மறுகா என்றால் பிறகு. எழுதியவர் அதை ‘மறுபடியும்’ என்று விளங்கி, ‘மீண்டும் என்னை அழைத்துச் சென்றார்’ என்ற அர்த்தத்தில் பதிந்துவிட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, ‘அப்படியானால் முதல் தடவையும் போயிருக்கிறீர், திரும்பி வந்து, தெரிந்துகொண்டே இரண்டாம் தரமும் போயிருக்கிறீர்’ என்று பிடித்தார். அந்தப் பிள்ளை விழித்துக்கொண்டு நின்றது. நான் வழக்குக்கு முதல் நாள் அவளோடு இருந்து அந்த வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் கேட்டிருந்தால் அரை மணித்தியால வேலை. கேட்கவில்லை.

இதில் ஒரு சட்டக் கண்ணியும் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆவது பிரிவின் கீழ் பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலம் சாட்சியை முரண்படுத்தப் பயன்படும், அவர் சொல்வதை உறுதிப்படுத்தப் பயன்படாது. அதாவது அந்தக் கடதாசி எதிர்த்தரப்புக்கு ஆயுதம், எங்களுக்குக் கேடயம்கூட இல்லை. அதை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள், பிழை கண்டால் குற்றப்பத்திரம் தயாரிக்கும் முன்பே மேலதிக வாக்குமூலம் எடுக்கச் சொல்லிப் பொலிஸாருக்கு எழுதுங்கள். முதல் தடவை அவள் பாலியல் வன்முறை பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டாள், பக்கத்தில் புருசன் அல்லது வாப்பா இருந்திருப்பார். இரண்டாம், மூன்றாம் சந்திப்பில்தான் வாய் திறக்கும். அந்தத் தாமதத்தை மறைக்கப் பார்க்காதீர்கள், ஏன் தாமதம் என்று நீங்கள் கேள்வி கேட்கும் முதன்மை விசாரணையிலேயே அவள் வாயால் கொண்டுவந்துவிட்டால் குறுக்கு விசாரணைக்குப் பாதி வேலை குறையும்.

அப்புறம் காலம். வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் எடுக்க வருடங்கள் போகும், கடன் அதுவரைக்கும் காத்திருக்காது, அவள் மறுபடியும் வெளிநாடு போயிருப்பாள். அழைப்பாணை ‘ஆள் ஊரில் இல்லை’ என்று திரும்பி வரும், தவணை மேல் தவணை. முன்னர் நீதிமன்ற நடவடிக்கை ஒன்றில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சாட்சியம் சொல்லியிருந்தால், சாட்சியை இனிக் கொண்டுவர முடியாத நிலையில் அதைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 33ஆவது பிரிவின் கீழ் சமர்ப்பிக்கலாம். ஒலி ஒளித் தொடர்பு மூலம் வேறு இடத்திலிருந்து சாட்சியமளிக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வழிவிடுகிறது, 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம் போய் இப்போது இருப்பது 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம், பழைய இலக்கத்தைப் போட்டு விண்ணப்பம் எழுதாதீர்கள். இதற்கெல்லாம் முதலில் அவளுடைய தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது என்ற ஆறுதல் வேண்டாம், உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போனால் இலக்கமும் போய்விடும்.

வட்சப் குரல்பதிவு, வங்கி மாற்று, ‘அங்க போனா ராணி மாதிரி இருக்கலாம்’ என்ற செய்தி, இவைதான் இன்றைய வழக்கில் தங்கம். கணினிச் சாட்சியத்துக்கான 1995இன் 14ஆம் இலக்கச் சட்டம் வழக்கு விசாரணைக்கு 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது. நாட்காட்டியில் குறியுங்கள், அவ்வளவுதான்.

அழைப்பாணையைச் சீருடையோடு ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறாவூரோ காத்தான்குடியோ கொக்கட்டிச்சோலையோ, ஒழுங்கையில் ஜீப் நின்றால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும், ஏன் வந்தார்கள் என்ற கதையை ஊரே எழுதிக்கொள்ளும். அடுத்த தவணைக்கு அவள் வரமாட்டாள், வந்தாலும் ‘ஞாபகமில்லை’ என்பாள். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஊடாகச் சத்தமில்லாமல் கூப்பிடக் கேளுங்கள். பாலியல் தொழில் விடுதிச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பெண்களை 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதவான் முன் நிறுத்தி, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, தண்டப்பணம் கட்ட வைத்து அனுப்புவது இன்னும் மோசம். அந்தப் பணத்தைக் கட்டுவது அநேகமாக அவளைக் கொண்டுவந்தவன்தான், அதுவும் அவள் கணக்கில் கடனாக ஏறும். யார் கொண்டுவந்தது என்று கேட்க முன் அவளைக் குற்றவாளியாக்கினால் பிறகு அவளையே சாட்சிக் கூண்டில் ஏற்ற எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மனித உரிமை வழக்குகளின் பக்கம் வந்தால் நாற்காலி மாறுகிறது. அடிப்படை உரிமை மனு ஒன்றில் பிரதிவாதி அரசு, அங்கே நீங்கள் அரசுக்காக எழும்புகிறீர்கள். மனுப் போடுவதற்கான ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டது என்று பூர்வாங்க ஆட்சேபனை எழுத எல்லோருக்கும் கை பரபரக்கும். மனுதாரர் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்துக்குப் போயிருந்தால், 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி விசாரணை நிலுவையில் இருந்த காலம் கணக்கில் வராது. அதைப் பார்க்காமல் ஆட்சேபனை எழுதி நீதியரசர்கள் முன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். சித்திரவதை முறைப்பாடு என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அந்தக் குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் பொலிஸாருக்காகச் சட்டமா அதிபர் தோன்றுவதில்லை என்பது வழமை, ஏனென்றால் சித்திரவதைக்கு எதிரான 1994இன் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதே ஆளுக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியவரும் அவர்தான், குறைந்தது 7 வருடச் சிறை. கோப்பில் எதிர்காலக் குற்றவாளி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு வாசியுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விசயம், ஆனால் நான் பல தடவை தவறவிட்டது. தண்டனை தீர்ப்பானதும் கோப்பை மூடிவிடுவோம். நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆவது பிரிவின் கீழ் நட்டஈடு கேட்க அந்த நேரம்தான் நேரம். வராத சம்பளம், முற்பணக் கடன், வைத்தியச் செலவு என்று ஒரு தாளில் எழுதித் தயாராகப் போனால் நீதிபதிக்குத் தொகை சொல்ல இலகு. அவளுடைய அசல் கடவுச்சீட்டு சான்றுப் பொருளாக இலக்கமிடப்பட்டு நீதிமன்றப் பதிவறையில் கிடக்கும். மேன்முறையீடு வந்தால் அது இன்னும் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், ஆகவே உறுதிப்படுத்திய பிரதியை வைத்துக்கொண்டு அசலை அவளிடம் விடுவிக்கக் கேட்டுத் தீர்ப்பு வந்த கிழமையே நீதிமன்றத்துக்கு ஒரு நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போடுங்கள்.