கைக்காகிதத்தில் நூல் வேலை: கார்த்திகைப்பூ வாழ்த்துமட்டை

பழைய கொப்பித்தாளை ஊறவைத்து, அரைத்து, வார்த்துக் காயவைத்த காகிதத்தில் எம்பிராய்டரி நூலால் பூப்போடும் முறையைக் கிளிநொச்சியில் சிலர் கேட்டிருந்தார்கள். காகிதம் வார்ப்பதை இங்கே எழுதவில்லை. காய்ந்த தாள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

தேவையானவை: ஆறு இழை கொண்ட பருத்தி நூல் (சிவப்பு, மஞ்சள், பச்சை), 7 அல்லது 8ஆம் நம்பர் எம்பிராய்டரி ஊசி, மெல்லிய தாள், கோதுமைமாப் பசை, செலோரேப், பழைய ரப்பர் செருப்பு ஒன்று. நூலுக்கு நான் ஆங்கர் கொம்பனி நூல்தான் வாங்குவேன். மினுங்குகிற ரேயான் நூல் வேண்டாம், வழுக்கும், சிக்குப்படும்.

முதலில் காகிதத்தின் பின்பக்கம் ஒரு மெல்லிய தாளைப் பசை பூசி ஒட்டுங்கள். அரைத்த காகிதத்தில் நார் குட்டையாகிவிடும். இந்தத் தாள்தான் அதைத் தாங்கும். பாரம் வைத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் சிவப்பு நூல் சாயம் விடக்கூடும்.

படத்தை மட்டையில் வரையாதீர்கள். அழித்தால் நார் கிளம்பி மேற்பரப்பு பஞ்சாகிவிடும். வேறு தாளில் வரைந்து, மட்டையின் மேல் கிளிப்பால் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் துளையிடுங்கள்.

நிதானம் வேண்டிய இடம் இந்தத் துளையிடல்தான். துணியில் ஊசியை இடம் மாற்றிக் குத்தினால் இழைகள் திரும்பக் கூடிவிடும். காகிதத்தில் குத்திய துளை குத்தியதுதான். அதனால் நூல் கோர்க்க முன்னமே எல்லாத் துளையும் போட்டு முடியுங்கள். மட்டையைச் செருப்பின் மேல் வைத்து, முன்பக்கமிருந்து நேராகக் குத்துங்கள். ரெஜிபோம் (பெட்டிகளில் வரும் வெள்ளை நுரைப்பலகை) உதிர்ந்து, துளைக்குள் துகள் ஏறும், செருப்பே நல்லது. தைக்கப்போகிற அதே ஊசியைக் காது வரை இறக்குங்கள். குண்டூசியால் குத்தினால் துளை சிறுத்து, பிறகு ஊசிக்காது போகும்போது காகிதம் கிழியும். துளைக்குத் துளை 3 அல்லது 4 மி.மீ. விடுங்கள்.

கார்த்திகைப்பூவுக்கு ஆறு இதழ். ஆறையும் நடுவில் ஒரே துளைக்குள் கொண்டுபோனால் அந்த இடம் பிய்ந்து ஓட்டையாகிவிடும். நடுவில் 6 மி.மீ. குறுக்களவில் ஒரு வட்டம் போட்டு, அதில் ஆறு துளை இடுங்கள். பக்கத்துப் பக்கத்து இதழ்கள் ஒரு துளையைப் பங்கிட்டுக்கொள்ளும். வட்டத்தின் உள்வெளி பூவின் குழிவு போலத் தெரிவதால் நிரப்பத் தேவையில்லை.

இனித் தையல். ஒரு முழம் நூல் வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டை மட்டும் கோர்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு வேண்டாம், மட்டை புடைக்கும். நுனியைப் பின்பக்கம் செலோரேப்பால் ஒட்டுங்கள். இதழின் அடி மஞ்சள், மேல்பாதி சிவப்பு, எல்லாம் பின்தையல் (ஒவ்வொரு தையலும் முந்தின தையல் முடிந்த துளைக்குத் திரும்பிப் போகும்). நூலை மட்டைக்கு நேர் செங்குத்தாக இழுங்கள்; சரித்து இழுத்தால் துளை நீளும். இதழ் ஓரத்து நெளிவை விட்டுவிடாதீர்கள்: வேலிக்கரையில் மாரிக்குப் பூக்கிற பூ அந்த நெளிவில்தான் அடையாளம் தெரியும். மகரந்தத் தாள்கள் ஆறையும் இதழ்களின் இடைவெளியில், வட்டத்துக்குச் சற்று வெளியிலிருந்து தொடங்குங்கள். நுனியில் குட்டி மஞ்சள் குறுக்குத்தையல் ஒன்று போதும். பிரெஞ்சு முடிச்சுக்கு (நூலை ஊசியில் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு) துளை பெருக்க வேண்டிவரும்.

பிற்சேர்க்கை: முள்ளியவளையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தா. தாள் தடிப்பு என்று பின்தாள் ஒட்டாமல் தைத்தாவாம், செலோரேப் கழன்று நூல் தளர்ந்துவிட்டதாம். சொரசொரப்பான கைக்காகிதத்தில் செலோரேப் பிடிக்காது. பின்தாள் இல்லாவிட்டால் நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியால் நாலைந்து தரம் ஓட்டி, ஒரு பொட்டு பசை வையுங்கள்.

மாரியில் மட்டை ஈரம் இழுத்து வளைந்தால் கொப்பிகளுக்கு நடுவில் ஓரிரவு வையுங்கள். அயன் பண்ணுவதென்றால் பின்பக்கம், துணி போட்டு, இளஞ்சூட்டில். செலோரேப் ஒட்டிய இடத்தில் சூடு படவே கூடாது.