அகராதியில் கிடைக்காத 'அந்த்ர': அனேர் என்ற கிரேக்கச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஹோமரின் ஒடிஸியை மூலத்தில் படிக்க உட்கார்ந்த அன்று முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். 'அந்த்ர'. அகராதியில் அரை மணி நேரம் தேடியும் அப்படி ஒரு தலைச்சொல் கிடைக்கவில்லை. கிரேக்க எழுத்து 24-ம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, வழியைச் சொல்கிறேன்.

முதலில் கடைசி 'அ'வை வெட்டுங்கள். அது நம்முடைய 'ஐ', இரண்டாம் வேற்றுமை. மிஞ்சுவது 'அந்த்ர்'.

அடுத்த படியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 'த்' இந்தச் சொல்லுக்குச் சொந்தமில்லை. அடிச்சொல் 'அனெர்'. உருபு சேரும்போது நடுவிலுள்ள 'எ' விழுந்து 'ன்'னும் 'ர்'ரும் ஒட்டுகின்றன. அந்த இடுக்கில் நாக்கு தானாக ஒரு 'த்'தை நுழைக்கிறது. 'கன்று' என்று எழுதிவிட்டு 'கன்ட்ரு' என்று சொல்கிறோமே, அதைப் போலத்தான். 'த்'தை எடுத்து 'எ'யைத் திரும்ப வையுங்கள். எழுவாயில் அந்த 'எ' நீண்டு 'அனேர்' ஆகும். அகராதியில் அதைத்தான் தேட வேண்டும்.

இனி மற்ற வடிவங்கள். ஒருமை: அனேர், அந்த்ர (ஐ), அந்த்ரொஸ் (உடைய), அந்த்ரி (கு), அனெர் (விளி). பன்மை, அதே வரிசையில்: அந்த்ரெஸ், அந்த்ரஸ், அந்த்ரோன், அந்த்ரஸி, விளியும் அந்த்ரெஸ்தான். பிளேட்டோ எழுதிய விசாரணை உரையில் சாக்ரடீஸ் 'ஓ அந்த்ரெஸ் அதேனையோய்', ஏதென்ஸ் ஆண்களே, என்று கூப்பிடுவது இதை வைத்துத்தான்.

அனேர், அனெர் இரண்டையும் கவனியுங்கள். நெடிலுக்கும் குறிலுக்கும் தனி எழுத்து நம்மிடமும் உண்டு, அதனால் காது உடனே பிடித்துக்கொள்ளும். நாம் நம்பியை 'நம்பீ' என்று நீட்டிக் கூப்பிடுவோம். அவர்கள் குறுக்கிக் கூப்பிடுகிறார்கள்.

பொருள்: ஆண், கணவன், வீரன். மனிதர் என்று பொதுவாகச் சொல்ல 'அந்த்ரோபொஸ்' இருக்கிறது, இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆணிலிருந்து ஆண்மை வந்ததுபோல அனேரிலிருந்து 'அந்த்ரெயா', துணிவு. அலெக்சாந்தர் என்ற பெயரிலும் இதுதான் ஒளிந்திருக்கிறது: ஆண்களைக் காப்பவன்.

கிரேக்க நூல்களை இணையத்தில் தரும் பெர்சியஸ் தளத்தில் சொல்லைத் தட்டினால் தலைச்சொல் உடனே வரும். ஆனாலும் முதல் மாதம் அதைத் தொடாதீர்கள். லிடல்-ஸ்காட் அகராதியின் நடுத்தரப் பதிப்பும் கையால் எழுதிய அட்டவணையும் போதும். தலைச்சொல்லை எப்போதும் 'அனேர், அந்த்ரொஸ்' என்று ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: 'அந்த்ரஸின்' என்று பார்த்ததாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது புது வேற்றுமை இல்லை, அந்த்ரஸிதான். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினாலோ வாக்கியம் அங்கே முடிந்தாலோ ஒரு 'ன்' வந்து ஒட்டிக்கொள்ளும்.